ஃபேனுக்கு நேர் கீழே

வசுமதி அந்த அம்மாவை ஃபேனுக்கு நேர் கீழே உட்கார வைத்துவிட்டாள். வேறு இடமே இல்லாத மாதிரி. வாடகைக்கு எடுத்த பத்து சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியையும் ஏகாம்பரம் சுவரோரமாகத்தான் போட்டு வைத்திருந்தார், ஒன்றுகூட ஹால் நடுவில் வராத மாதிரி பார்த்துப் பார்த்துப் போட்டிருந்தார், அவர் பெண்டாட்டி வந்தாள், ஒன்றை இழுத்தாள், நடுவில் வைத்தாள், "வாங்க சம்பந்தி, வெயில்ல வந்திருக்கீங்க, ஃபேனுக்குக் கீழ உக்காருங்க" என்றாள். மாப்பிள்ளையின் அம்மா கஸ்தூரி, வாலாஜாவிலிருந்து வேலூர் வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவர், முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடி, காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டார். அவர் நெற்றிப் பொட்டுக்கு நேர் மேலே, நாலடி உயரத்தில், அது சுற்றிக்கொண்டிருந்தது. டிக். கொஞ்சம் விட்டு, டிக். அந்தச் சத்தம் வேறு யார் காதிலும் விழவில்லை. எல்லாரும் வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். வேலூர் வெயில் பெரிசா வாலாஜா வெயில் பெரிசா என்று. ஏகாம்பரத்துக்கு முதுகில் வேர்வை வழிந்தது, ஆனால் அது சூடாக இல்லை, பானைத் தண்ணீர் மாதிரி சில்லென்று முதுகுத்தண்டோடு இறங்கியது. மேலே நட்டில் பின் இல்லை. அது இந்த வீட்டில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும்.

பின் என்றால் பெரிய சாமான் இல்லை. சுண்டுவிரல் நீளம்கூட வராது. கொக்கியில் ஃபேனை மாட்டி, போல்ட்டைச் செருகி, நட்டை முடுக்கின பிறகு, போல்ட் நுனியில் ஒரு ஓட்டை இருக்கும், அதில் இந்தக் கம்பியை நுழைத்து, அதன் ரெண்டு காலையும் ரெண்டு பக்கமாகப் பிரித்து வளைத்துவிட வேண்டும். வளைத்துவிட்டால் நட்டு கழலவே கழலாது. இல்லாவிட்டால் ஃபேன் ஆடுகிற ஆட்டத்தில் நட்டு தன் பாட்டுக்குப் புரி புரியாகப் பின்னால் வரும், கடைசிப் புரியும் விட்டதும் போல்ட் உருவிக்கொள்ளும், அப்புறம் ஃபேன் வரும். இதைச் சொன்னது சத்துவாச்சாரி எலெக்ட்ரிக் கடை அன்வர் பாய். பெட்டியைக் கட்டும்போதே அந்தச் சின்னக் கவரைத் தனியாக எடுத்து ஏகாம்பரத்தின் சட்டைப் பையில் போட்டு, பையைத் தட்டிவேறு காட்டினார். "இதை மட்டும் மறந்துடாதீங்க சார். காலைப் பிரிச்சு விட்டீங்கன்னா நிம்மதியா தூங்கலாம். ஆள் வேணா அனுப்பட்டுமா?" ஆள் எதுக்கு, நானே மாட்டிக்குவேன் என்றார் ஏகாம்பரம். மாட்டினார். காலை ஒன்பதே முக்காலுக்கு, மெயினை அணைத்துவிட்டு, மேஜை மேல் ஸ்டூல், ஸ்டூல் மேல் அவர். கழுத்து வலிக்கிறது, தூக்கின கை நடுங்குகிறது, வேர்வை கண்ணில் இறங்கி எரிகிறது, நட்டு முடுக்கியாகிவிட்டது, பின்னை ரெண்டு விரலில் பிடித்து ஓட்டையைத் தேடுகிறார், தேடுகிறார், விரலில் இருந்தது இல்லை. கீழே தரையில் ஒரு சின்ன ணங். அது எங்கேயோ உருண்டு பீரோ பக்கம் போன மாதிரி இருந்தது. அதே நேரம் வசுமதி அடுப்படியிலிருந்து, அவங்க பஸ் ஏறிட்டாங்களாம், இன்னும் அங்க மேல என்ன பண்றீங்க, சட்டையாவது மாத்துங்க என்று கத்தினாள். இறங்கித் தேடணும். தேடி மறுபடி ஏறணும். அப்புறம் பார்த்துக்கலாம் என்று நினைத்தார். கிண்ணம் மாதிரி இருக்கிற அந்த மூடியை மேலே தள்ளித் திருகை இறுக்கினார். மூடினதும் உள்ளே ஒன்றும் தெரியவில்லை. அழகாக இருந்தது. ஒரு நிமிஷம் அவருக்கே எல்லாம் சரியாக முடிந்த மாதிரிதான் இருந்தது.

பயமாக இருந்தால் போய் அணைத்துத் தொலைக்க வேண்டியதுதானே. அதுதான் முடியவில்லை. வெளியே நாற்பத்தொரு டிகிரி. ஹாலுக்கு இருப்பது ஒரே ஃபேன். வந்திருப்பவர்கள் கை நனைக்க வந்திருக்கிறார்கள், அதாவது இன்றைக்கு இந்த வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்டுக் கை நனைத்தார்கள் என்றால் கௌதமியை எடுத்துக்கொண்டார்கள் என்று அர்த்தம், பச்சைத் தண்ணீரோடு எழுந்து போனார்கள் என்றால் இல்லை என்று அர்த்தம், முன்னே ரெண்டு இடம் அப்படித்தான் எழுந்து போனது. அவர்களை வேர்க்க வைத்து உட்கார வைக்க முடியுமா. அதற்காகத்தான் இந்த மே மாசம் பூராவும் ஏகாம்பரம் பஸ் டிப்போவில் டைம்கீப்பர் வேலை முடிந்து வந்து வீட்டை ரிப்பேர் செய்துகொண்டே இருந்தார். தினசரி காலண்டர் தாளைக் கிழித்தால் பின்பக்கம் வீட்டுக் குறிப்பு இருக்கும், அதை எல்லாம் சேர்த்து கிளிப் போட்டு வைத்திருந்தார். மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பில் பசை கலந்து மூன்று பூச்சு அடித்தால் கீழே சூடு இறங்காது என்று இருந்தது, ரெண்டு பூச்சு அடித்தார். சொட்டுகிற குழாய்க்கு வாஷரை மாற்றி நூல் சுற்ற வேண்டும் என்று இருந்தது, வாஷர் மாற்றினார், நூல் சுற்றவில்லை, இப்பவும் ராத்திரியில் சொட்டுகிறது. ஜன்னல் கொசுவலையில் மூன்று மூலை ஆணி அடித்தாயிற்று. விருந்தாளி வரும் நாளில் பானையை ஈர மணல் மேல் வைத்து, சுற்றி ஈரத்துணி கட்டி, துணி காயக் காய நனைக்க வேண்டும் என்று இருந்தது, கட்டினார், காலையிலிருந்து நனைக்கவில்லை. எல்லாவற்றிலும் கடைசி ஒரு வேலை மிச்சம். இத்தனை வருஷத்தில் இது இவர் கண்ணில் பட்டதே இல்லை, இன்றைக்கு இந்த நாற்காலியை ஒட்டி நிற்கும்போதுதான் வரிசையாக வந்து நிற்கிறது, பூச்சு, நூல், ஆணி, துணி, பின். டிக். வலையில் ஆணி இல்லை என்றால் கொசு வரும். இதில் என்ன வரும்.

எத்தனை புரி இருக்கும் அந்த போல்ட்டில்? நட்டுக்கு வெளியே நுனி நீட்டிக்கொண்டிருந்தது, ஓட்டை இருக்கிற அளவு, அப்போது ஆறு புரி, ஏழு புரி. பத்தேகாலுக்குப் போட்டது. இப்போது பன்னிரண்டு ஆகப் போகிறது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு புரி என்றால் சாயங்காலம் வரைக்கும் தாங்கும். அரை மணிக்கு ஒரு புரி என்றால். இல்லை, அப்படி எல்லாம் சட்டென்று கழலாது, கையால் நன்றாக முடுக்கியிருக்கிறார். கையாலா, ஸ்பேனராலா? ஸ்பேனர் மேஜை மேல் இருந்தது. மேஜை மேல் இருந்த ஸ்பேனரை எடுத்த ஞாபகம் இருக்கிறது. அதை மேலே கொண்டுபோன ஞாபகம் இல்லை. அவர் அண்ணாந்து பார்த்தார். அவர் பார்த்ததைப் பார்த்து மாப்பிள்ளையின் அப்பா முனிரத்தினமும் அண்ணாந்து பார்த்தார். முனிரத்தினம் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், கம்பத்தில் ஏறியே முப்பது வருஷம் போனது என்று போன தடவை வந்தபோது சொன்னார். அப்படிப்பட்ட ஆள் அண்ணாந்து பார்த்தால் சும்மா பார்க்க மாட்டார். ஃபேன் புதுசா என்று கேட்டார். ஏகாம்பரம் வாயைத் திறப்பதற்குள் வசுமதி அடுப்படி வாசலிலிருந்து, எல்லாம் இவரேதாங்க மாட்டினாரு, மாடிக்குச் சுண்ணாம்பு, குழாய், வலை, எல்லாம் இவரு கைதான், ஒரு ஆளைக் கூப்பிடறது இல்லை என்று சொல்லிவிட்டாள். பெருமையாகச் சொன்னாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் நாலு பேர் முன்னால் அவள் இவரைப் பெருமையாகச் சொன்னது இதுதான் முதல் தடவை. "லேசா ஆட்டம் தெரியுதே" என்றார் முனிரத்தினம். "பின் போட்டுட்டீங்க இல்ல?"

"போட்டுட்டேன்" என்றார் ஏகாம்பரம். அதோடு நிறுத்தியிருக்கலாம். "காலையும் ரெண்டு பக்கமும் பிரிச்சு விட்டுட்டேன்" என்றார். முனிரத்தினம் தலையை ஆட்டினார். அப்படித்தான் செய்யணும், இப்ப இருக்கிற பசங்க எவனும் அதைச் செய்றதில்லை, மேல மாட்டினோமா போனோமான்னு போயிடறானுங்க என்று தன் மகனைப் பார்த்துச் சொன்னார். அந்தப் பையன் தினகரன் சிரித்தான், நல்ல சிரிப்பு. அவ்வளவுதான், கதவு சாத்தியாகிவிட்டது. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் என்றால், பின் கீழே விழுந்துடுச்சுங்க, கொஞ்சம் அணைச்சுடலாம் என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கலாம், அவர்களும் சிரித்திருப்பார்கள், லைன்மேன் தானே ஸ்டூலில் ஏறிப் போட்டுக்கூடக் கொடுத்திருப்பார். இப்போது பின் இல்லை என்பதோடு பொய்யும் இருக்கிறது. ரெண்டு காலும் பிரித்த பொய். பின் போடாததற்காக எவனும் பெண் வேண்டாம் என்று போக மாட்டான். வீட்டுக்கு வந்தவர் தலைக்கு மேல் அதை வைத்துக்கொண்டு கண்ணைப் பார்த்துப் பொய் சொன்னதற்குப் போவான். டிக். சத்தம் கொஞ்சம் மாறின மாதிரி இருக்கிறதே. முன்னே டிக், இப்போது ட்டிக். இல்லை, அதேதான். இல்லை.

ஊஞ்சலை நினைக்கக் கூடாது என்று நினைத்தார், நினைத்ததுமே ஊஞ்சல் வந்துவிட்டது. தோட்டப்பாளையம் வாடகை வீடு, வராந்தா, இதே மாதிரி ஒரு மே மாசம், கௌதமிக்கு ஆறு வயசு, ஊஞ்சல் ஊஞ்சல் என்று ஒரு வாரம் அரித்தெடுத்தாள். பலகைக்கு நாலு ஓட்டை போட்டு, சங்கிலி வாங்கி, மேலே கொக்கியில் கிளாம்ப் மாட்டி, போல்ட்டைக் கையாலேயே திருகிவிட்டு, ஸ்பேனர் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தது, நாளைக்கு வாங்கி முடுக்கிக்கலாம் என்று விட்டார். நாளைக்கு வரைக்கும் அது தாங்கவில்லை. பலகையின் விளிம்பு முகவாயில் பட்டது. ரத்தம் வெள்ளை ஷிம்மியில் இறங்கினது இன்றைக்கும் தெரிகிறது, அவ்வளவு சின்னப் பிள்ளைக்கு அவ்வளவு ரத்தம் இருக்குமா என்று அன்றைக்கு அவர் முட்டாள் மாதிரி யோசித்தார். நாலு தையல். டாக்டர் எப்படிம்மா விழுந்தே என்று கேட்டபோது ஏகாம்பரம் முந்திக்கொண்டு, ஆடுற ஊஞ்சல்லருந்து அவளே குதிச்சுட்டா சார் என்றார். டாக்டர் பிள்ளையைப் பார்த்தார். பிள்ளை அப்பாவைப் பார்த்தது. அப்புறம், நானே குதிச்சேன் என்றது. வசுமதிக்கும் அதுதான் தெரியும். அந்த ராத்திரியே அவர் ஸ்டூலில் ஏறி கொக்கி போல்ட்டை ஸ்பேனர் வைத்து முடுக்கினார், அதற்கப்புறம் யாரும் அந்த ஊஞ்சலில் உட்காரவில்லை. போன தடவை பெண் பார்க்க வந்தபோது கஸ்தூரி அம்மா கௌதமியின் முகவாயைப் பிடித்துத் தூக்கிப் பார்த்து, இந்தத் தழும்பு எப்படிம்மா என்று கேட்டார். சின்ன வயசுல ஊஞ்சல்லருந்து குதிச்சேன் அத்தை என்றாள் கௌதமி. ஒரு நொடி தடுமாற்றம் இல்லை. அவளுக்கு ஆறு வயசில் நடந்தது என்ன ஞாபகம் இருக்கப் போகிறது, சொல்லிச் சொல்லி அதுவே நிஜமாகியிருக்கும் என்று இவர் நினைத்துக்கொண்டார். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

ஏதாவது செய்யணும். ஸ்விட்ச் பக்கமாகப் போனார், சும்மா காலண்டரைப் பார்க்கிற மாதிரி நின்றார், ரெகுலேட்டரைக் குறைத்தார். அது குறையாது. பழைய ரெகுலேட்டர், ஐந்தில் வைத்தாலும் ஒன்றில் வைத்தாலும் ஒரே ஓட்டம்தான், அதையும் மாற்றணும் என்று பட்டியலில் எழுதி வைத்திருந்தார். அணைத்தார். இறக்கைகள் தெரிய ஆரம்பித்தன, மூன்று, காப்பி நிறம், மெதுவாக, மெதுவாக, அவருக்கு மூச்சு வந்தது. உடனே ஹாலே ஐயோ என்றது. கரண்ட் போயிடுச்சா என்றார் கஸ்தூரி. இல்லைங்க, ஃபேன் சத்தத்துல பேசறது கேக்கலையேன்னு நான்தான் என்று இவர் இழுப்பதற்குள் வசுமதி வந்து, உங்களுக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா என்று கண்ணாலேயே கேட்டுவிட்டு ஸ்விட்சைத் தட்டினாள். மறுபடி அந்த முதல் உதறல், தண்டு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு கிளம்புகிற உதறல், அதுதான் இருப்பதிலேயே மோசம், புரி கழன்றால் அந்த உதறலில்தான் கழலும், இவர் அணைத்து ஒரு தடவை கூடுதலாக உதற வைத்ததுதான் மிச்சம். அப்புறம், இங்க ஜன்னல்ல ஈரச் சாக்கு கட்டியிருக்கு, காத்து ஜில்லுன்னு வரும் வாங்க என்று கஸ்தூரி அம்மாவைக் கூப்பிட்டுப் பார்த்தார். பரவாயில்லைங்க, இங்கயே சுகமா இருக்கு என்றார் அவர். அவர் மகள் வயிற்றுப் பேரன், ஒரு வயசு இருக்கும், மடியிலிருந்து வழுக்கி இறங்கி, நாற்காலிக் காலைப் பிடித்து நின்று, அண்ணாந்து மேலே சுற்றுவதைப் பார்த்துக் கையைத் தட்டினான். பல் ரெண்டு தெரிந்தது. ஏகாம்பரம் பாய்ந்து போய்த் தூக்கிவிட்டார். அவன் வீறிட்டு அழுதான். எல்லாரும் இவரைப் பார்த்தார்கள். இல்லைங்க, தரை சுடும் என்றார். சிமெண்டுத் தரை, ஈரத்துணி போட்டுத் துடைத்தது, சில்லென்று இருந்தது.

பேரனைச் சமாதானம் பண்ண கஸ்தூரி அம்மா எழுந்து வாசல் பக்கம் போனார். நாற்காலி காலியானது. காலியான நாற்காலியைப் பார்த்து வசுமதி முனிரத்தினத்திடம், நீங்க வாங்க, நீங்க உக்காருங்க என்று ஆரம்பித்தாள். ஏகாம்பரத்துக்கு என்ன தோன்றியதோ, தோன்றியது என்று சொல்ல முடியாது, கால் போனது. போய் அந்த நாற்காலியில் தான் உட்கார்ந்துவிட்டார். விருந்தாளிகள் சுவரோரம் வேர்த்துக்கொண்டு இருக்க, வீட்டுக்காரர் ஃபேனுக்கு நேர் கீழே. தினகரன் வேறு எங்கேயோ பார்த்தான். கஸ்தூரி அம்மா வாசலிலிருந்து திரும்பி வந்து பார்த்துவிட்டு, "இன்னா சம்பந்தி, நம்மளைவிட உங்களுக்குத்தான் புழுக்கம் ஜாஸ்தி போல" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் அந்தச் சிரிப்பு கண்வரைக்கும் ஏறவில்லை. இவரும் சிரித்தார். தலைச்சுற்றல் மாதிரி இருக்குங்க என்றார், அது பொய்யில்லை. நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். உச்சந்தலையில் காற்று விழுந்தது, வழுக்கை விழ ஆரம்பித்த அந்த ரூபாய் அளவு இடத்தில், சரியாக அங்கே. அந்த இடம் தனியாகக் குளிர்ந்தது. இரும்பு எத்தனை கிலோ இருக்கும், பெட்டியில் போட்டிருந்தது, படிக்கவில்லை. முதலில் சத்தம் நிற்குமா, இல்லை சத்தம் பெரிசாகுமா. தோளில் விழுந்தால் தோளோடு போகும். இப்படியே இலை போடும் வரைக்கும் உட்கார்ந்துவிட்டால் போதும், அடுப்படிப் பக்கம் பந்தி, அங்கே இந்தக் காற்று எட்டாது, எல்லாரும் எழுந்து போவார்கள், கை நனைப்பார்கள், இவர் அணைப்பார், முடிந்தது. இன்னும் அரை மணி. ஒரு புரி. சாவதற்குக்கூட ஒத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே, நாலு வார்த்தை சொல்வதற்கு ஒத்துவரவில்லையே என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆச்சரியப்பட்டாரே தவிர எழுந்திருக்கவில்லை.

கௌதமி நுங்குத் தட்டோடு வந்தாள். சாப்பாட்டுக்கு முன்னால் நுங்கு, அது கை நனைத்த கணக்கில் வராது, சும்மா தாகத்துக்கு. பச்சைப் புடவை, அடுப்படிச் சூட்டில் முகம் சிவந்திருந்தது. முதலில் முனிரத்தினம், அப்புறம் கஸ்தூரி அம்மா, அப்புறம் அவர் மகள், தினகரனிடம் மட்டும் கொஞ்சம் அதிகமாகக் குனிந்தாள், எல்லாரும் பார்த்துச் சிரித்தார்கள், ஏகாம்பரத்துக்கு அந்த நேரத்திலும் நெஞ்சு நிறைந்தது. கடைசியில் அவரிடம் வந்தாள். கிண்ணத்தை எடுக்கக் கை நீட்டினார். தட்டில் கிண்ணத்துக்குப் பக்கத்தில், ஸ்பூனோடு ஒட்டி, அது இருந்தது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாதது. ரெண்டு காலும் ஒட்டினபடியே, பிரிக்காமல். நுங்குத் தண்ணீர் பட்டுப் பளபளத்தது. அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

குனிந்த வாக்கிலேயே அவள் காதோடு சொன்னாள். "பீரோவுக்கு அடியில பெருக்கும்போது கெடைச்சுதுப்பா. என்னன்னு தெரியாம ஜன்னல்ல வெச்சிருந்தேன். நீ அவர்கிட்ட போட்டுட்டேன்னு சொன்னது உள்ள கேட்டுச்சு." தட்டை இன்னும் அவர் பக்கம் நீட்டினாள். "ஊஞ்சலுக்கு நான் சொன்னேன். போன தடவைகூட அவங்ககிட்ட சொன்னேன். இதுக்கு என்னால முடியாதுப்பா. எழுந்து போய் ஆஃப் பண்ணிட்டு நீயே சொல்லிடு."

பதினெட்டு வருஷம். அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது, ஆறு வயசிலிருந்து, டாக்டர் மேஜை மேல் உட்கார்ந்து அப்பா முகத்தைப் பார்த்த அந்த நொடியிலிருந்து. போ, உள்ள போம்மா, தள்ளி நில்லு என்றார், சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. அவள் போகவில்லை. நிமிர்ந்து, தட்டைப் பிடித்துக்கொண்டு, அவர் நாற்காலிக்குப் பக்கத்திலேயே, தோளை உரசுகிற மாதிரி நின்றாள். அவள் தலைப் பூவில் காற்று பட்டு ஆடியது. காற்று படுகிற இடம் எல்லாம் அது விழுகிற இடம். அவர் ரெண்டு விரலால் அவள் முந்தானை நுனியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், யாருக்கும் தெரியாமல். அவள் அசையவில்லை. ட்டிக். இப்போது நிஜமாகவே மாறிவிட்டது. அவளுக்கும் கேட்டது, ஆனால் மேலே பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்தாள்.

"என்னம்மா, அப்பா காதுல என்ன ரகசியம்?" என்றார் முனிரத்தினம், ஸ்பூனை வாயில் வைத்துக்கொண்டே.

"அப்பாவே சொல்லுவாரு மாமா" என்றாள் கௌதமி.

எல்லாரும் ஏகாம்பரத்தைப் பார்த்தார்கள். முனிரத்தினம், கஸ்தூரி, தினகரன், அடுப்படி வாசலில் கரண்டியோடு வசுமதி, அழுது முடித்த அந்தக் குழந்தைகூட. நல்ல ஜனங்கள். இப்போது சொன்னால்கூட ஒருவேளை சிரித்துவிடுவார்கள். ஸ்விட்ச் எட்டு எட்டில் இருந்தது. ஒரே மூச்சில் எழுந்து போய்விடலாம், நான் பின் போடலைங்க, அவ்வளவுதான், மூன்று வார்த்தை, நாலுகூட இல்லை. அவர் நாற்காலிக் கையை ஊன்றினார். உடம்பு அரை அங்குலம் எழுந்தது. வாயைத் திறந்தார்.

"நுங்கு நல்ல இளசு" என்றார். "சாப்பிடுங்க. காத்து எல்லாருக்கும் வருதுங்களா?"

வருது வருது என்றார்கள். கௌதமி அங்கேயே நின்றாள். அன்வர் பாய் ஒன்று சொன்னார், மகள் ரெண்டு சொன்னாள், ஆஃப் பண்ணு, சொல்லிடு. ஏகாம்பரம் மூன்றையும் செய்யவில்லை. பின்னை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஸ்பூனால் நுங்கைக் குத்தினார்.